ஒரு கொலை, அரைப் பேய்: சிற்றூர்த் துப்பறியும் கதை எழுதப் பழகுவோருக்கு

ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்று தனி அலமாரி போட்டு விற்கிற கதை வகை இது. சின்ன ஊர். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கொலை நடக்கும், ஆனால் ரத்தம் நம் மேல் தெறிக்காது. துப்பறிபவர் காக்கிச் சட்டைக்காரர் இல்லை, ஊரில் வேறு பிழைப்பு உள்ள ஒருவர். இந்த வகையில் ஒரு கிளையில் பேயோ ஆவியோ குறியோ லேசாக எட்டிப் பார்க்கும்.

தமிழில் இதை எழுத வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். ஒன்று, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிவிட்டு இங்கிலாந்துக் கிராமத்தை அப்படியே இறக்கிவைப்பது: கேக் கடை, பழைய புத்தகக் கடை, சோம்பேறிப் பூனை. இன்னொன்று, கடைசி அத்தியாயத்தில் பேயே வந்து கொலைகாரனைக் கைகாட்டிவிட்டுப் போவது. இரண்டாவதுதான் பெரிய குற்றம். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதியபோது, இயற்கைக்கு மீறிய சக்திகளுக்கு இடமில்லை என்று இரண்டாவது விதியிலேயே அடித்துச் சொன்னார். நாம் அந்த விதியை மீறத்தான் போகிறோம். ஆனால் அவர் எதற்காகப் பயந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மீற வேண்டும். பேய் கேள்வியைத் தரலாம், விடையைத் தரக்கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

விளக்கத்துக்கு ஒரே கதையை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே ஒரு கற்பனைப் பேரூராட்சி. மார்கழி மாதம். பத்திரம் எழுதும் பெரியவர் ஒருவர் விடியற்காலையில் கோயில் குளத்துப் படியில் இறந்து கிடக்கிறார். துப்பறிபவர் ஒரு தையல்கார அக்கா.

முதலில் குற்றம், அதுவும் கடைசியிலிருந்து

முதல் அத்தியாயத்தை எழுதத் தொடங்காதீர்கள். நோட்டில் ஒரு பக்கத்தில், யார், ஏன், எப்படி, எப்போது, எதை மறைத்தார் என்று முழு உண்மையையும் நேர்க்கோட்டில் எழுதுங்கள். பேயைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட வரக்கூடாது.

காரணம் தேடி அலைய வேண்டாம். நம் சிற்றூர்களில் மனக்கசப்புக்கு வற்றாத ஊற்று பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. நம் கதையின் உண்மை இது: அரிசி ஆலைக்காரர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டு, ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு 1996 தொடக்கத்தில் இறந்துவிட்டாள். அவள் பங்கு சட்டப்படி கணவனுக்கும் குழந்தைக்கும் போக வேண்டும். அண்ணன் அதே ஆண்டு வேறொரு பெண்ணைத் தங்கையாக நிறுத்தி, தன் பங்கை அவள் விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் பதிந்துகொண்டார். பத்திரத்தை எழுதியவர் நம் பெரியவர். இன்னார்தான் என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருவர், ஊரே ‘பெரிய சார்’ என்று கும்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர். இப்போது நிலம் மனைகளாக விற்பனைக்கு வருகிறது. பெரியவருக்கு மனசாட்சி உறுத்துகிறது, சொல்லிவிடப்போகிறேன் என்கிறார். தள்ளிவிட்டவர் பணம் பார்த்த அண்ணன் இல்லை, பெயரைக் காப்பாற்ற வேண்டிய சார்.

ஆண்டு ஏன் 1996? பத்திரத்தில் புகைப்படமும் விரல் ரேகையும் ஒட்டியாக வேண்டும் என்று பதிவுச் சட்டத்தில் 32ஏ பிரிவு சேர்ந்தது 2001இல். அதற்குப் பிறகு நடந்ததாக வைத்தால், ஆள்மாறாட்டம் செய்தவளின் முகம் பத்திரத்திலேயே இருக்கும், கதை மூன்றாம் அத்தியாயத்தில் முடிந்துவிடும். எந்த ஆவணம் உங்கள் கதையில் வந்தாலும், அந்த ஆண்டில் அதில் என்னென்ன இருந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

உயிலை வைத்துக் கதை கட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலக் கதைகளில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கே சொத்து எழுதியிருந்தால் அது செல்லாது, திருமணம் ஆனால் பழைய உயில் ரத்து என்றெல்லாம் முடிச்சு அவிழும். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் (1925) 67, 69 பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் அவை இந்துக்கள் எழுதும் உயிலுக்குப் பொருந்தாது. அப்படியே எடுத்துப் போட்டால் வக்கீல் குமாஸ்தா வாசகர் ஒருவரே போதும், உங்கள் கதையைக் கிழித்துவிடுவார். உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, இரண்டு சாட்சிகள் போதும். பீரோவில் கிடக்கும் வெள்ளைத்தாள் உயில் முழுச் செல்லுபடி. நம் ஊர்க் கதைக்கு இதுவே பெரிய வசதி.

ஊரை வரைபடமாகப் போடுங்கள்

தேர் வீதிகள் நான்கு, குளம், டீக்கடை, பேருந்து நிறுத்தம், காவல் நிலையம், ஆலை, எல்லாவற்றுக்கும் நடக்கும் நேரம் நிமிடத்தில். முக்கியமான கேள்வி: எந்த நேரத்தில் எந்தத் திண்ணையில் யார் இருப்பார்கள்? சிற்றூரில் ரகசியமாக நடமாடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமே கதை.

மார்கழியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற மாதத்தில் ஐந்து மணிக்குத் தெரு காலி. மார்கழியில் வாசலுக்கு வாசல் பெண்கள் கோலத்துக்குக் குனிந்திருப்பார்கள், பஜனைக் கோஷ்டி வீதி சுற்றும், ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். சாட்சி நிறைய, ஆனால் இருட்டு, பனி, எல்லோர் தலையிலும் மஃப்ளர் அல்லது துண்டு. பார்த்தவர் பத்துப் பேர், முகம் பார்த்தவர் யாருமில்லை. ஆடி என்றால் வேறு வசதிகள்: கூழ் ஊற்றும் கூட்டம், சாமியாட்டம், ஆற்றில் புது வெள்ளம். பருவத்தைப் பின்னணி ஓவியமாக வைக்காமல் வேலை வாங்குங்கள்.

உண்மையான ஊரின் பெயரையும் காவல் நிலையத்தையும் வைக்க வேண்டாம். சுற்றியுள்ள ஆறு, பெரிய ஊர், பேருந்துத் தடம் நிஜமாக இருக்கட்டும், நடு ஊர் மட்டும் கற்பனை.

துப்பறிபவர்

இவரிடம் ஊர் தானாக வந்து பேச வேண்டும், அவருக்கும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய ஒரு சாக்கு வேண்டும். தபால்காரர், பூக்கட்டுபவர், கேஸ் சிலிண்டர் போடுபவர், எல்.ஐ.சி. முகவர், ரேஷன் கடைக்காரர் எல்லோரும் சரி. தையல்கார அக்காவுக்குக் கூடுதல் லாபம் ஒன்று உண்டு: அவளுக்கு உடம்புகள் தெரியும். யார் இளைத்தார், யார் ஜாக்கெட்டில் உள் பை கேட்டார், யார் அவசரமாக வெள்ளைப் புடவைக்கு ரவிக்கை தைக்கச் சொன்னார் என்பதெல்லாம் அவள் அளவு நோட்டில் தேதியோடு இருக்கும்.

தொழில் அறிவிலிருந்தே அவள் கண்டுபிடிக்க வேண்டும். புத்திசாலி என்று பத்து பேர் வாயால் சொல்லவைப்பதைவிட, தையல் பிரிந்த விதத்தைப் பார்த்து அது கிழிந்ததா பிரிக்கப்பட்டதா என்று அவள் சொல்லும் ஒரு காட்சி போதும்.

அவள் ஏன் இதில் தலையிடுகிறாள் என்பதற்கு ‘ஆர்வம்’ என்பது பதிலாகாது. போலீஸ் அவளுக்கு வேண்டியவரைச் சந்தேகிக்கலாம், அவள் கடையே பிரச்சினையில் மாட்டலாம். நம் கதையில் வேறு காரணம் இருக்கிறது, அதைப் பேய் தருகிறது.

பேய்க்கு விதி

புதியவர்கள் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பேயை வர்ணிப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நான்கு பதில்களை எழுதுங்கள். அதனால் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, எப்போது வரும், அதற்கு யார் என்ன விலை கொடுக்க வேண்டும். நம் ஊர்ப் பேய்கள் ஏற்கெனவே விதிக்குக் கட்டுப்பட்டவைதான். உச்சிவேளை, நடுச்சாமம் என்று நேரம் உண்டு, இரும்புக்கும் செருப்புக்கும் துடைப்பத்துக்கும் அஞ்சும், கால் தரையில் பாவாது. முனிக்கு ஒரு வழித்தடம், மோகினிக்கு ஒரு மரம். அந்த மரபிலிருந்தே உங்கள் பேயின் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நம் கதையில் பேய் என்று உருவமே இல்லை. அக்காவிடம் ஒரு பழைய கால்மிதித் தையல் மெஷின் இருக்கிறது. ஆலைக்கார வீட்டிலிருந்து பழைய விலைக்கு வாங்கியது, இறந்துபோன அந்த மகளுடையது. இழுப்பறையில் பாதி தைத்த சின்னக் கவுன் ஒன்று கிடந்தது. பெரியவர் இறந்த அன்று இரவிலிருந்து, காலையில் எழுந்து பார்த்தால் அந்தக் கவுனில் ஒரு தையல் கூடியிருக்கிறது.

இதற்கு விதிகள்: பாபினில் நூல் இருக்கும்வரைதான் தைக்கும். நூலைப் போட்டு வைக்க வேண்டியவள் அக்கா, ஆகவே அவள் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்காது. ஓர் இரவுக்கு ஒரு தையல், அவ்வளவுதான். தான் சாகும்வரை நடந்தது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே போலிப் பத்திரம் பற்றியோ கொலை பற்றியோ அது எதுவும் சொல்ல முடியாது. கடைசி விதி மிக முக்கியம். செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று வைத்தால், துப்பறிபவருக்கு வேலையில்லை.

அக்கா முதலில் நம்பக்கூடாது, மனித வேலையா என்று சோதிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று கதவைப் பூட்டுகிறாள். பிறகு மெஷின் சக்கரத்திலிருந்து தோல் பெல்ட்டைக் கழற்றி வைக்கிறாள். பெல்ட் இல்லாமல் காலால் மிதித்து ஓட்ட முடியாது. கைச்சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும், தெரியாதவர் கை வைத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். மறுநாள் தையல் நேர்த்தியாக இருக்கிறது. இந்த மாதிரி உலோகமும் நூலுமான விவரம் வாசகரை நம்பவைக்கும். ‘சில்லென்று காற்று வீசியது, நாய் ஊளையிட்டது’ என்பதில் யாருக்கும் இப்போது மயிர் கூச்செறிவதில்லை.

இனிப் பேய் தரும் கேள்வி: இந்தக் கவுன் யாருக்கு? ஆலைக்கார வீட்டில் அந்த அளவில் பெண் குழந்தையே இல்லையே. அதிலிருந்து, இறந்தவளுக்குத் திருப்பூரில் ஒரு மகள் இருக்கிறாள் என்று அக்கா கண்டுபிடிக்கிறாள். அதற்குமேல் எல்லாம் மனித வேலை: மகளின் கையில் இருக்கும் தாயின் இறப்புச் சான்றிதழ், அதிலுள்ள தேதி, வில்லங்கச் சான்றில் விடுதலைப் பத்திரத்தின் தேதி, இரண்டுக்கும் நடுவே நான்கு மாதம். செத்தவள் எப்படிக் கையெழுத்துப் போட்டாள்?

இன்னொரு அபாயம். கதையில் யாரோ பேயாக நடித்துப் பயமுறுத்துவதும் உண்டு, உண்மைப் பேயும் உண்டு என்றால், எது எது என்று கடைசியில் கணக்குத் தீர்க்க வேண்டும். குளத்துப் படியில் வெள்ளை உருவம் தெரிந்தது மனித வேலை என்றால் யார், எந்தத் துணி, எங்கே ஒளித்தார் என்று சொல்லியாக வேண்டும். விளக்கம் இல்லாமல் மிஞ்சும் விஷயம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

சாமியாடுபவர், குறி சொல்பவர், திருநங்கையர், நாடோடிச் சமூகத்தார் ஆகியோரைச் சூனியத்தின் முகமாக வைப்பது பழைய சினிமாவின் சோம்பேறித்தனம். நிஜத்தில் சூனியப் பழி சுமத்தி ஆட்களை அடிக்கிற நாடு இது. அருள்வாக்குக் காட்சி வேண்டுமென்றால், சொல்பவருக்கும் ஊரில் ஒரு வீடு, கடன், பேத்தி எல்லாம் இருக்கட்டும்.

தடயம்: எப்படி மறைப்பது, எங்கே வைப்பது

ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் மூன்று தடயங்கள் வையுங்கள். ஒன்றை வாசகர் தவறவிடுவார், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார், மூன்றாவது கைகொடுக்கும். மூன்றும் கதையின் முக்கால் பாகத்துக்குள் வந்துவிட வேண்டும்.

மறைக்கச் சிறந்த இடம் பட்டியலின் நடு. நம் கதையில் பத்திரத்தின் சாட்சிப் பெயர், இனிஷியலோடு முழுப் பெயராக முன்பே வந்துவிடுகிறது. ஆனால் ஊரில் யாரும் ஆசிரியரை அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. ‘பெரிய சார்’ மட்டும்தான். அந்த முழுப் பெயர் இன்னொரு முறை, பெரியவருக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியின் அடியில் பதினைந்து பெயர்களுக்கு நடுவே வருகிறது. வாசகர் இரண்டையும் பார்த்துவிட்டார், சேர்க்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சொல்ல முடியாது. பட்டப்பெயர் வழக்கம் நம் ஊர் எழுத்தாளர்களுக்குக் கிடைத்த சொத்து.

இரண்டாவது தடயம் கோலம். ஐந்து மணிக்கு மேல் போட்ட கோலத்தின் மீது மெல்லிய சைக்கிள் தடம் ஒன்று குளத்தின் பக்கமிருந்து வருகிறது. தடம் கோலத்துக்கு மேலே இருந்தால் வண்டி பிறகு வந்தது, கோலப்பொடி தடத்தின் மேல் விழுந்திருந்தால் முன்பே வந்தது. பஜனையில் ஆரம்பம் முதல் இருந்ததாகச் சார் சொல்கிறார். இங்கே விவரத்தில் கவனம் வேண்டும். அரிசி மாவுக் கோலம் என்றால் எறும்பும் குருவியும் காலை முடிவதற்குள் கலைத்துவிடும், கல் மாவு என்றால் மிதிபடும்வரை இருக்கும், இழை கோலமாக ஈர மாவில் போட்டது காய்ந்த பிறகு சக்கரத் தடத்தைக் காட்டாது. எந்தப் பொடி என்று தீர்மானிக்காமல் எழுதினால், கோலம் போட்டுப் பழகிய வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

செல்போனையும் கேமராவையும் மறந்துவிட்டு எழுதாதீர்கள். இப்போது மளிகைக் கடையிலும் கேமரா உண்டு. மின்தடையில் அது நிற்கும், வட்டு நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும், கடைவாசலைப் பார்க்குமே தவிரக் குளத்தைப் பார்க்காது. ஏதோ ஒன்றைச் சொல்லி இரண்டாம் அத்தியாயத்திலேயே கதவை அடைத்துவிடுங்கள்.

போலீஸ் எவ்வளவு

மிகக் கொஞ்சம், ஆனால் சரியாக. இப்படியொரு சாவு முதலில் கொலை வழக்காகாது, சந்தேக மரணமாகப் பதிவாகும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194. உடல் அரசு மருத்துவமனைக்குப் போகும். சந்தேகம் உள்ள சாவுகளுக்குப் பிரேதப் பரிசோதனை பொதுவாகப் பகலில்தான், எனவே மாலையில் கிடைத்த உடல் மறுநாள்வரை காத்திருக்கும். விஷம் என்றால் உள்ளுறுப்புகள் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போய்த் திரும்ப வாரங்கள் ஆகும். ‘மறுநாளே ரிப்போர்ட் வந்தது’ என்று எழுதினால் பொய். அதனால்தான் நம் கதையில் விஷம் இல்லை, வழுக்கும் படி.

இன்ஸ்பெக்டரைவிட ஏட்டையாவும் ஸ்டேஷன் ரைட்டரும் உங்களுக்கு உபயோகம். இன்ஸ்பெக்டர் மாறிக்கொண்டே இருப்பார், ஏட்டையாவின் பேன்ட்டை அக்காதான் இரண்டு விரல் தளர்த்திக் கொடுக்கிறாள்.

ஒப்புதல் வாக்குமூலத்தோடு கதையை முடிக்க நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. ஆனால் அதன் மூலம் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்வார்கள். தமிழ்நாட்டு வழக்குகளில் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொண்டதாக வருவதும் இதனால்தான், நீதிமன்றங்கள் அதைச் சந்தேகத்தோடு பார்ப்பதும் உண்டு. ஆகவே கடைசிக் காட்சியில் வாய்ப்பேச்சு மட்டும் போதாது. பெரியவர் எழுதி வைத்திருந்த கடிதமோ அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடோ, ஏதாவது ஒன்று சாரின் பரணிலிருந்து இறங்க வேண்டும்.

நாள்கணக்கும் கூட்டமும்

மேலைக் கதைகளில் எல்லோரையும் வரவேற்பறையில் உட்காரவைத்து முடிச்சை அவிழ்ப்பார்கள். நமக்கு அது ஒட்டாது, தேவையும் இல்லை. சாவு வீட்டுச் சடங்கே ஆட்களைக் கூட்டும். முதல் நாள் எடுப்பு, பிறகு பால் தெளிப்பு, பதினாறாம் நாள் காரியம். சாதிக்கும் வட்டாரத்துக்கும் நாள் மாறும், உங்கள் ஊர் வழக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘பதினாறுக்குள்’ என்று வைத்தால் கதைக்குக் கடிகாரம் கிடைத்துவிடும். மார்கழி 10 அன்று சாவு என்றால் பதினாறாம் நாள் மார்கழி 25. அடுத்த சில நாளில் போகி. பழைய காகிதம் எரிப்பதை யாரும் சந்தேகிக்காத ஒரே நாள். சாருக்கும் அது தெரியும், வாசகருக்கும் தெரியும். பதற்றத்துக்குத் துரத்தல் காட்சி வேண்டியதில்லை.

முதல் முயற்சிக்கு இருபத்தைந்தாயிரம் சொல், நான்கு சந்தேக நபர்கள் போதும். அண்ணன், மனைத் தரகர், பெரியவரின் கடன்பட்ட மகன், சார். பிணம் முதல் பத்தில் ஒரு பங்குக்குள் கிடைத்துவிட வேண்டும். சாப்பாடு, வம்பு, சின்னச் சிரிப்பு எல்லாம் தாராளமாக வரலாம். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாரோ ஒருவர் பொய் சொன்னது தெரியவர வேண்டும். எழுதும்போது நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: உண்மையில் நடந்தது, ஊர் நம்புவது, இந்த அத்தியாயம்வரை வாசகருக்குத் தெரிந்தது. மூன்றாவது பத்தி இரண்டு அத்தியாயத்துக்கு மேல் நகராமல் நின்றால், அங்கே கதை தூங்குகிறது.

உறவுமுறைச் சொல்லில் கவனம். காவிரிக் கரை ஊரில் எல்லோரும் ‘அண்ணாச்சி’ என்றால் வாசகர் சிரிப்பார். ஆனால் கையெழுத்தில்லாத மிரட்டல் கடிதத்தில் மட்டும் ‘மதனி’ என்று வந்தால், எழுதியவர் தெற்கத்திக்காரர் என்பது தானே தடயமாகும். தவறினால் பிழை, தெரிந்து வைத்தால் ஆயுதம்.

திருத்தும்போது

கையெழுத்துப் பிரதியில் பேய் வரும் வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். முடிவு நிற்க வேண்டும், தொடக்கம் நொண்ட வேண்டும். முடிவும் சேர்ந்து விழுந்தால் பேய்தான் துப்பறிந்திருக்கிறது. எதுவுமே ஆடாமல் நின்றால் அந்தப் பேய் வெறும் தோரணம், எடுத்துவிட்டு நேரான துப்பறியும் கதையாகவே வெளியிடுங்கள்.

பிறகு இரண்டு பேரிடம் முக்கால் பாகத்தை மட்டும் கொடுங்கள். யார் என்று நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். இருவரும் சாரைச் சொன்னால் சுவரொட்டிக் காட்சியை இன்னும் சுருக்குங்கள். முழுக்கதையையும் படித்துவிட்டு ‘சாரா? எங்கேயும் சொல்லவே இல்லையே’ என்றால் சைக்கிள் தடத்தை ஒருமுறை கூடுதலாகக் காட்டுங்கள். ‘சே, அந்தப் பெயரைப் பார்த்தேனே’ என்று தலையில் தட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மேலும் கை வைக்காதீர்கள்.